ஐந்து நாள் கெடு

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. பரீட்சை, பனி, பகுதிநேர வேலைன்னு காரணம் அடுக்கலாம். உண்மைக் காரணம் வேற. வேலை செய்யுற இடத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். அதை எழுதாம வேற எதை எழுதவும் மனசு வரலை. சரி எழுதிடுவோம்னு உட்கார்ந்தா, என் தப்போட நிக்காம ஐம்பது வருஷச் சரித்திரமா நீண்டுடுச்சு. பொறுமையா படிங்க மக்களே.

ஜெர்மனியில் படிக்கிற நம்ம பசங்களுக்கு 'ஹிவி' வேலைன்னா தெரியும். பல்கலைக்கழகத்துலயே மாணவர் உதவியாளரா இருக்கிறது. சிலருக்கு ஆய்வகம் கிடைக்கும், சிலருக்கு நூலகம். எனக்கு வாய்ச்சது ஒரு துறையோட கணினி அறை. அந்தத் துறை இன்னும் பிடிவாதமா சொந்த மெயில் சர்வர் வச்சிருக்கு. அதைப் பார்த்துக்கிறவர் ஓய்வுபெற ரெண்டு வருஷம் பாக்கி இருக்கிற ஒரு பெரியவர். அதிகம் பேச மாட்டார். பேசினா ஞாபகம் இருக்கும்.

போன ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை. யாரோ ஒருத்தரோட கடவுச்சொல் திருடுபோய், அந்தக் கணக்கு வழியா சனி ஞாயிறு முழுக்கக் குப்பை மடல் போயிருக்கு. பெரிய மடல் நிறுவனங்கள் எல்லாம் எங்க சர்வரைப் பார்த்து "இப்ப வேண்டாம், அப்புறம் வா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. க்யூவில் 14 ஆயிரத்துச் சொச்சம் மடல் தேங்கி நிக்குது. பெரியவர் அன்னிக்கு லீவு. நான் அந்தக் கணக்கை முடக்கினேன். அதுவரைக்கும் சரி. அப்புறம் தேங்கிக் கிடந்த அத்தனையையும் ஒரே வரிக் கட்டளையில் அழிச்சேன். சில நொடிதான். க்யூ காலி. காபி குடிக்கப் போயிட்டேன், பெருமையா வேற.

மறுநாள் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. "பதினாலாயிரமும் குப்பைதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. உட்கார்ந்து லாக்கை அலசினோம். 41 மடல் நிஜ மனுஷங்க நிஜ மனுஷங்களுக்கு எழுதினது. குப்பையோட குப்பையா மாட்டிக்கிட்டு, தங்கள் முறைக்காகக் காத்துக்கிட்டு இருந்தவை. அந்த 41 பேருக்கும் எங்க சர்வர் '250' சொல்லியிருக்கு. சர்வர் பாஷையில் அதுக்கு 'சரி, வாங்கிக்கிட்டேன்'னு அர்த்தம். பெரியவர் சொன்னார்: "250 சொன்ன அப்புறம் அது அவங்க கடிதம் இல்லை. நம்ம கடன்."

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் பழைய ஆவணங்களைத் தேடிப் படிக்க வச்சது.

மின்மடல்னாலே உடனே போய்ச் சேர்றதுன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். பிறந்தப்போ அப்படி இல்லை. ரே டாம்லின்சன் 1971-இல் பி.பி.என். நிறுவனத்தில், பக்கத்துப் பக்கத்துல நின்ன ரெண்டு பி.டி.பி.-10 கணினிகளுக்கு இடையே முதல் மடலை அனுப்பினார். @ குறி வந்ததும் அப்பதான். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதிகம் பேசப்படாதது என்னன்னா, எதிர்ப்பக்கத்து இயந்திரம் அணைஞ்சு கிடந்தா என்ன செய்யுறதுங்கற கேள்வி. அந்தக் காலத்து டெனெக்ஸ் இயங்குதளத்தில், போகாத மடல் 'அனுப்பப்படாத கடிதம்'னு பொருள்படுற பேர்ல ஒரு கோப்பா அனுப்பினவரோட சொந்த டைரக்டரியிலேயே கிடக்கும். பின்னணியில் ஓடுற ஒரு நிரல் அப்பப்போ வந்து அதை எடுத்து, மறுபடி அனுப்பிப் பார்க்கும். க்யூவோட பூர்வீகம் இவ்வளவுதான்: போகாத கடிதத்தைத் தூக்கிப் போடாம ஒரு ஓரமா வைக்கிறது.

அடுத்து வந்த யூ.யூ.சி.பி. காலத்தில் க்யூதான் எல்லாமே. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1976 வாக்கில் எழுதியது. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட ஊரெல்லாம் பரவிச்சு. நிரந்தர இணைப்பு எதுவும் கிடையாது. கணினிகள் பகல் முழுக்க மடல்களைச் சேர்த்து வச்சுக்கும். ராத்திரி, போன் கட்டணம் குறைஞ்ச நேரத்துல, மோடம் வழியா அடுத்த கணினியைக் கூப்பிட்டு மொத்தமா கொட்டும். அது தன் பங்குக்குச் சேர்த்து வச்சு, அதுக்கடுத்ததைக் கூப்பிடும். முகவரியிலேயே வழி முழுக்க எழுதணும். ஒவ்வொரு கணினி பேருக்கு நடுவுலயும் ஒரு ஆச்சரியக்குறி. நம்ம ஊர்ல "வள்ளியூர்ல இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடிச்சு, பிள்ளையார் கோயில்ல கேட்டா சொல்வாங்க"ன்னு வழி சொல்ற மாதிரி. நாலு தாவல் இருந்தா மடல் போய்ச்சேர நாலு ராத்திரியும் ஆகலாம். யாரும் கோவிச்சுக்கலை, ஏன்னா தபாலை விட அது வேகம்.

நம்ம பக்கத்துக்கு மின்மடல் வந்ததும் இந்த வழியாத்தான். இந்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோட 1986-இல் எர்நெட்டைத் தொடங்கிச்சு. எட்டு இடங்கள். அதில் சென்னை ஐ.ஐ.டி. ஒண்ணு. பம்பாயில் இருந்த என்.சி.எஸ்.டி.தான் நடுநாயகம், அதுக்குத் தலைவரா இருந்தவர் சீனிவாசன் ரமணி. ஆரம்பத்தில் எல்லாமே டயல் பண்ணி, சேர்த்து வச்சு அனுப்புற யூ.யூ.சி.பி. மடல்தான். இலங்கையிலும் அதே கதை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி 1990-இல் உருவான லேர்ன் வலையமைப்பு, போன் வழியா யூ.யூ.சி.பி.யில்தான் மடலை வெளியுலகத்துக்கு அனுப்பிச்சு. எஸ்.டி.டி. பூத்துல மீட்டரைப் பார்த்துக்கிட்டே பேசின தலைமுறைக்கு, வெளிநாட்டுக் கால் போட்டு மடல் அனுப்பின அந்தச் சர்வர்களோட நிலைமை நல்லாவே புரியும் :-)

இதுக்கு நடுவுல அமெரிக்காவில் பெர்க்லியில் எரிக் ஆல்மன். அவர் இருந்த இடத்துல ஒரே ஒரு கணினிக்குத்தான் ஆர்பாநெட் இணைப்பு. எல்லாரும் அதுல கணக்கு கேட்டு நச்சரிச்சாங்க. அத்தனை பேருக்கும் கணக்கு குடுக்கிறதை விட, அந்த ஒரு கணினியிலிருந்து மத்த கணினிகளுக்கு மடலைக் கடத்துற நிரல் எழுதுறது சுலபம்னு 1979-இல் டெலிவர்மெயில் எழுதினார். அதுதான் வளர்ந்து சென்ட்மெயிலா 1983-இல் பெர்க்லி யூனிக்ஸோட வந்துச்சு. இன்னிக்கு நாம 'மெயில் க்யூ'ன்னு சொன்னா மனசுல வர்ற உருவத்தைக் கொடுத்தது சென்ட்மெயில்தான்.

அதோட க்யூ வெறும் ஒரு டைரக்டரி. ஒவ்வொரு மடலுக்கும் ரெண்டு கோப்பு. ஒண்ணுல மடலோட உள்ளடக்கம். இன்னொண்ணுல யார்கிட்டயிருந்து, யாருக்கு, எத்தனை தடவை முயற்சி பண்ணியாச்சு, கடைசியா ஏன் போகலைங்கற விவரம். அரை மணிக்கு ஒரு தடவை க்யூவை ஓட்டுறது வழக்கம். எல்லா மடலும் அங்கே சமமும் கிடையாது. சின்ன மடலுக்கு முன்னுரிமை. பெரிய மடலும் நிறைய பேருக்குப் போற மடலும் பின்னாடி. ஒவ்வொரு தடவை தோத்ததும் அந்த மடல் வரிசையில் இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளப்படும். ரேஷன் கடையில அட்டையில கையெழுத்து இல்லைன்னு திருப்பி அனுப்பினா மறுபடி கடைசியிலிருந்துதான நிக்கணும், அது மாதிரி.

ஆனா எனக்குத் தேவைப்பட்டது கடன் பத்தின கதை. அது இருக்கிறது விதிமுறை ஆவணங்களில். ஆர்.எஃப்.சி.ன்னு சொல்ற அந்த ஆவணங்கள் மேலோட்டமா பார்த்தா வறட்டு எழுத்து. உத்துப் பார்த்தா ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் எங்கேயோ யாரோ பட்ட அடி இருக்கும்.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதின ஆர்.எஃப்.சி. 821-தான் எஸ்.எம்.டி.பி. அதில் பதில்களெல்லாம் மூணு இலக்க எண்கள். 2-இல் தொடங்கினா சரி. 5-இல் தொடங்கினா கிடையவே கிடையாது, போ. 4-இல் தொடங்கினா இப்போ இல்லை, அப்புறம் வா. க்யூ உயிரோட இருக்கிறதே இந்த நாலுக்காகத்தான். மடலைச் சேர்க்கவே முடியலைன்னா அனுப்பினவருக்குத் தகவல் சொல்லியாகணும்னும் அதே ஆவணம் சொல்லுது. அதுல ஒரு சூட்சுமம். அந்தத் தகவல் மடலோட அனுப்புநர் முகவரி காலியா இருக்கணும். இல்லைன்னா 'போகலை'ங்கற தகவலும் போகாம, அதுக்கு ஒரு 'போகலை', அதுக்கு இன்னொண்ணுன்னு ரெண்டு சர்வரும் விடிய விடிய புலம்பிக்கிட்டே இருக்கும்.

1988 பிப்ரவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதின ஒரு குட்டி ஆவணம் இருக்கு, ஆர்.எஃப்.சி. 1047. எனக்கு ரொம்பப் பிடிச்சது. சிக்கல் இதுதான்: அனுப்புற சர்வர் மடல் முழுசையும் கொடுத்து, கடைசியில் ஒரு புள்ளி வைக்கும். வாங்குற சர்வர் அதுக்கு 250 சொல்லணும். அந்தப் புள்ளிக்கும் 250-க்கும் நடுவுல வாங்குறவர் ரொம்ப யோசிச்சா, அனுப்புறவர் பொறுமை இழந்து போனை வச்சுட்டு, அப்புறம் மறுபடி அனுப்புவார். ஆனா முதல் மடலும் உள்ளே வந்திருக்கும். ஒரே கடிதம் ரெண்டு தடவை, மூணு தடவை வந்து விழும். கடன் சரியா எந்த நொடியில் கை மாறுதுங்கறதுதான் அங்கே கேள்வி. பார்ட்ரிட்ஜ் சொன்ன தீர்வு எளிமையானது: முதல்ல வாங்கிக்கிட்டேன்னு சொல்லு, விநியோக வேலையெல்லாம் அப்புறம் வச்சுக்கோ. அதாவது வாங்குறவரும் ஒரு க்யூ வச்சுக்கணும்.

அதே வருஷம் நவம்பர் 2. ராபர்ட் மாரிஸ்ங்கற கார்னெல் மாணவர் விட்ட புழு, இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளை மூச்சுத்திணற வச்சுது. அது உள்ளே நுழைஞ்ச வழிகளில் ஒண்ணு சென்ட்மெயிலின் பிழைதிருத்த வசதி. அந்த ராத்திரி நடந்த ஒரு விஷயம் பாருங்க. மாரிஸ் பயந்துபோய் ஹார்வர்டில் இருந்த ஆண்ட்ரூ சடத்ங்கற நண்பருக்குப் போன் போட, அவர் 3-ஆம் தேதி விடியற்காலை மூணரை மணி வாக்கில் பேர் போடாம ஒரு எச்சரிக்கை மடல் அனுப்பினார். புழுவை நிறுத்த என்ன செய்யணும்னு அதில் இருந்துச்சு. சென்ட்மெயிலை அந்த வசதி இல்லாம மறுபடி தொகுக்கணும்ங்கறது உட்பட. மருந்து தயார். ஆனா புழுவுக்குப் பயந்து ஆளாளுக்கு மடல் சர்வரைக் கழட்டிப் போட்டிருந்தாங்க. மருந்து எழுதின சீட்டு வழியில் ஒரு சர்வரோட க்யூவில் ஒரு நாளுக்கும் மேல மாட்டிக்கிச்சு. அது வெளியே வர்றதுக்குள்ள பெர்க்லிகாரங்களும் எம்.ஐ.டி.காரங்களும் புழுவைப் பிரிச்சு மேஞ்சு, தாங்களே வழி கண்டுபிடிச்சுட்டாங்க.

இதைப் படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரலை. அந்த மடல் லேட்டானது நிஜம், ஆனா தொலையலை. வழியில் இருந்த அந்தச் சர்வர் அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்து, கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்துடுச்சு. நான் அந்த இடத்துல இருந்திருந்தா, "என்னமோ ஏகப்பட்டது தேங்குது"ன்னு ஒரே வரியில் அழிச்சிருப்பேன்.

1989 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1123-இல்தான் பெரியவர் சொன்ன கடன் எழுத்தில் இருக்கு. 250 சொன்ன சர்வர் அந்த மடலைச் சேர்க்கிற பொறுப்பை ஏத்துக்குது. அற்பக் காரணங்களுக்காக அதைத் தொலைக்கக் கூடாது. அப்புறம் கணினி விழுந்துடுச்சுங்கறதைக் கூட அது அற்பக் காரணம்னுதான் சொல்லுது! நல்ல மடல் சர்வர்கள் 250 சொல்றதுக்கு முன்னாடி மடலை நிஜமாவே வட்டில் எழுதி முடிச்சுட்டுத்தான் வாயைத் திறக்கறது இதனாலதான். எத்தனை நாள் முயற்சி பண்ணணும்ங்கறதும் அங்கே இருக்கு. மறுமுயற்சிக்கு நடுவுல குறைஞ்சது அரை மணி. முதல் மணி நேரத்தில் ரெண்டு தடவை, அப்புறம் ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை போதும். கைவிடறதுக்கு முன்னாடி குறைஞ்சது நாலு அஞ்சு நாள்.

ஏன் அஞ்சு நாள்? ஆவணம் காரணம் சொல்லலை. பெரியவரைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்ப்பக்கத்துச் சர்வர் விழுதுன்னு வச்சுக்கோ. சனி, ஞாயிறு யாரும் வர மாட்டாங்க. திங்கட்கிழமை அரசு விடுமுறை. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்து, உதிரிபாகம் வாங்கி, புதன்கிழமை எழுப்புவாங்க. எண்ணிப் பாரு." எண்ணினேன். அஞ்சு நாள். இது அவரோட கணக்கு; ஆனா எனக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்கலை.

அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் இந்தக் காத்திருப்புக்கு ஆளுக்கொரு சூத்திரம் வச்சாங்க. கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் 1995-இல் எழுதின எக்ஸிம், வழக்கமான அமைப்பில் முதல் ரெண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை முயற்சி பண்ணும். அப்புறம் இடைவெளியை ஒன்றரை மடங்கா நீட்டிக்கிட்டே போகும். 16 மணி நேரம் தாண்டினா ஆறு மணிக்கு ஒரு தடவைன்னு நாலு நாள் வரைக்கும். டேனியல் பெர்ன்ஸ்டைனின் க்யூமெயிலில் வெளியூர் மடலுக்கு வர்க்கக் கணக்கு: 400 நொடியில் ஒரு தடவை, 1600-இல் ஒரு தடவை, 3600-இல் ஒரு தடவை... இப்படியே ஒரு வாரம். ஐ.பி.எம்.மில் வீட்ஸே வெனிமா எழுதி 1998 டிசம்பரில் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ்தான் நாங்க வச்சிருக்கிறது. அதுல வழக்கமான அமைப்பு, குறைஞ்சது 300 நொடி, அதிகபட்சம் 4000 நொடி இடைவெளி, அஞ்சு நாள் ஆயுசு. 4000 நொடின்னா ஒரு மணி ஆறு நிமிஷம் சொச்சம். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2000-க்கு அப்புறம் க்யூவோட பெரிய எதிரி குப்பை மடல். பொய் முகவரியிலிருந்து வந்த குப்பைக்கு 'போகலை'ன்னு தகவல் அனுப்பினா, அது சம்பந்தமே இல்லாத அப்பாவி பெட்டியில் போய் விழும். இல்லைன்னா போக இடமில்லாம க்யூவுலயே கிடந்து நாறும். ஆனா அதே க்யூவை வச்சே குப்பையைப் பிடிக்க முடியும்னு 2003-இல் இவான் ஹாரிஸ் ஒரு யோசனை சொன்னார். பேர் கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாதவங்ககிட்டயிருந்து மடல் வந்தா, 4-இல் தொடங்குற ஒரு எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பு. ஒழுங்கான சர்வர் க்யூவில் வச்சிருந்து மறுபடி வரும். குப்பை அனுப்புறவன் லட்சக்கணக்கில் இறைச்சுட்டுப் போறவன். க்யூவெல்லாம் வச்சுக்க மாட்டான், திரும்பி வர மாட்டான். எவ்வளவு அழகு பாருங்க! மறுபடி வந்து கதவைத் தட்டுறியாங்கறதுதான் நேர்மைக்கான பரீட்சை. கொஞ்ச காலம் பிரமாதமா வேலை செஞ்சுது. அப்புறம் அவங்களும் திரும்பி வரக் கத்துக்கிட்டாங்க. நமக்கு மிச்சம், கடவுச்சொல் மாத்துற மடல் வர்றதுக்குள்ள அதோட கெடு முடிஞ்சு போற எரிச்சல்.

சரி, என் 41-க்கு வர்றேன்.

நான் செஞ்சதோட முழு வீரியம் எனக்குப் புரிஞ்சது ரெண்டாவது நாள்தான். அந்தக் கட்டளை மடலை அழிக்கும், ஆனா அனுப்பினவருக்கு 'போகலை'ன்னு தகவல் அனுப்பாது. அஞ்சு நாள் முயற்சி பண்ணித் தோத்திருந்தா அவங்களுக்கு ஒரு தகவலாவது போயிருக்கும். நான் அழிச்சதுல எதுவுமே போகலை. அனுப்பினவங்க எல்லாம் மடல் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க.

லாக்கில் அனுப்புநர், பெறுநர் முகவரி மட்டும்தான் இருக்கு, கடிதம் இல்லை. 41 பேருக்கும் தனித்தனியா எழுதினேன். "உங்கள் மடல் போகவில்லை, காரணம் நான், தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள்." பெரியவர் பக்கத்துல உட்கார்ந்து என் ஜெர்மனைத் திருத்தினார். செவ்வாய், புதன்னு ரெண்டு நாள் ஆச்சு. பெரும்பாலானவங்க நல்லபடியா பதில் போட்டாங்க. ஒரு பேராசிரியர் "அது கூட்டத்துக்கு வர முடியாதுன்னு சொல்ற மடல், போகாததே நல்லது"ன்னு எழுதினார்.

ஒரு முதுகலை மாணவி. வேற ஊர்ல ஒரு ஆய்வு இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விண்ணப்பம் அனுப்பியிருக்காங்க. கெடு திங்கட்கிழமை நள்ளிரவு. என் மடல் அவங்களுக்குப் போனது புதன்கிழமை மதியம்.

லாக்கை மறுபடி பார்த்தேன். பார்க்காம இருந்திருக்கலாம். அந்த ஊர்ச் சர்வர் எங்க சர்வரை மறுபடி ஏத்துக்க ஆரம்பிச்சது திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு. நான் கையை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, அதிகபட்சம் 4000 நொடியில், அதாவது ஏழே காலுக்குள்ள, அந்த விண்ணப்பம் தானா போய்ச் சேர்ந்திருக்கும்.

பெரியவர் துறைத் தலைமைகிட்ட சொல்லி, நடந்தது எங்க தவறுன்னு லாக் வரிகளோட அந்த இடத்துக்கு ஒரு கடிதம் போச்சு. கெடு முடிஞ்ச பிறகும் விண்ணப்பத்தை வாங்கிக்கிட்டாங்க. இடம் கிடைச்சுதான்னு எனக்குத் தெரியாது. கேட்க தைரியம் இல்லை. அந்த மாணவி எனக்கு எழுதினது ஒரே வரி. நேர்மையா சொன்னதுக்கு நன்றின்னு. திட்டியிருந்தா தேவலாம் போல இருந்துச்சு.

இப்போ க்யூவில் கை வைக்கணும்னா, அழிக்கிறதுக்குப் பதிலா முதல்ல நிறுத்தி வைக்கிற கட்டளையைத்தான் அடிக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸில் அதுக்குன்னு தனியா ஒரு அறையே இருக்கு. அங்கே போட்டு, முடக்கின கணக்கிலிருந்து வந்ததை மட்டும் பிரிச்சு எடுத்து அழிச்சுட்டு, மிச்சத்தை விட்டுடலாம். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

இதை எழுதும்போது இன்னொரு ஜன்னலில் க்யூவைத் திறந்து வச்சிருக்கேன். ஏழு மடல் இருக்கு. ஆறு இன்னிக்கு வந்தது. ஒண்ணு வெள்ளிக்கிழமையிலிருந்து நிக்குது, பெறுநர் சர்வர் பதிலே சொல்ல மாட்டேங்குது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு நாள் முடியுது. அனுப்பினவருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.